ஊழலை எதிர்த்து வந்த கட்சி ஊரில் நிலைக்குமா? குடியாத்தத்திலிருந்து ஒரு கணக்கு

என் அக்கா மகன் குடியாத்தம் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று நாள் முழுக்க மனு எழுதுவதுதான் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். செல்போனை நீட்டினான். அதில் ஒரு ஃபிளெக்ஸ் டிசைன். பாதி பேனருக்குத் தலைவர் முகம். அவருக்குக் கீழே மாவட்டப் பொறுப்பாளர். மூலையில் தபால்தலை அளவுக்கு இவன்.

"நகரப் பொறுப்பு தர்றாங்களாம். இன்னா மாமா, சேரலாமா வேணாவா?"

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசகத்தைப் படித்தேன். 'ஊழலுற்ற ஆட்சி அமைப்போம்' என்று இருந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வாட்ஸப்பில் வந்த வாசகமாம். "ஓர் எழுத்துதான் மாமா, அப்புறமா மாத்திட்டேன்" என்றான். ஊழலற்றவர் ஊழலுற்றவர் ஆவதற்கு நிஜத்திலும் அவ்வளவுதான் தூரம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பையன் ஆசையாகக் கேட்கிறான், கிண்டல் செய்யக் கூடாது.

கட்சியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இன்று முளைத்த கட்சியைப் பற்றி ஆருடம் சொல்வது என் வேலை இல்லை. 'ஊழலை ஒழிப்போம்' என்று வந்து, மளமளவென்று வளர்ந்து, பத்து வயதாவது தாண்டிய கட்சிகளை எடுத்துக்கொண்டு, எது நின்றது, எது விழுந்தது என்று பார்த்தேன். அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. இந்தப் பொறுப்பை ஏற்பது, பழைய பெரிய கட்சி ஒன்றில் சேர்வது, நகராட்சி வார்டில் சுயேச்சையாக நிற்பது, கட்சியே வேண்டாம் என்று மனுவும் தகவல் உரிமையுமாக இப்படியே இருப்பது. முதல் வழியில்தான் அவன் மனசு. அதனால் பேச்சும் அதில்தான் அதிகம் ஓடியது.

முதலில் டெல்லி. 2011 ஆகஸ்டில் ராம்லீலா மைதானத்தில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்ததை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தவர்கள்தான். அந்தப் போராட்டத்திலிருந்து 2012 நவம்பர் 26ல் ஆம் ஆத்மி கட்சி பிறந்தது. ஓராண்டு கழித்து டெல்லியில் 70க்கு 28 இடம். 49 நாள் ஆட்சி செய்துவிட்டு, ஊழலை விசாரிக்கும் தனி அமைப்புக்கான ஜன்லோக்பால் மசோதாவைக் கொண்டுவர விடவில்லை என்று ராஜினாமா. 2015ல் 67 இடம், 2020ல் 62. நடுவில் 2022ல் பஞ்சாபில் 117க்கு 92. 2023ல் தேசியக் கட்சி அந்தஸ்து. இந்தியாவில் இவ்வளவு வேகமாக ஏறிய கட்சிகள் ரொம்பக் குறைவு. 2025 பிப்ரவரியில் அதே டெல்லியில் 22 இடம். கட்சித் தலைவர் கெஜ்ரிவாலே புதுடெல்லித் தொகுதியில் 4,089 வாக்கில் தோற்றார்.

இதை வைத்து 'பார்த்தாயா, நிலைக்கவில்லை' என்று முடித்துவிடலாம். ஆனால் தோற்ற தேர்தலிலும் அந்தக் கட்சி 43 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியிருக்கிறது. அந்த வாக்கு லோக்பாலுக்கு விழுந்ததா? லோக்பால் சட்டத்தை 2013 டிசம்பரிலேயே நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது, அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதுகூட இல்லை. அந்த வாக்கு 200 யூனிட் வரை இலவச மின்சாரத்துக்கு, மாதம் 20,000 லிட்டர் தண்ணீருக்கு, அரசுப் பள்ளிக்கு, பெண்களின் இலவச பஸ்ஸுக்கு விழுந்தது. ஊழல் எதிர்ப்பு ஏணியாக இருந்து ஏற்றிவிட்டது. ஏறிய பிறகு கட்சி உட்கார்ந்த திண்ணை வேறு.

அப்படியானால் ஏன் விழுந்தது? பத்தாண்டு ஆட்சியின் அலுப்பு ஒன்று. துணைநிலை ஆளுநரோடு ஓயாத மல்லுக்கட்டு இன்னொன்று. எனக்குப் பெரிதாகப் படுவது மதுபானக் கொள்கை வழக்கும் முதல்வர் வீட்டைப் புதுப்பித்த செலவும்தான். வேகன் ஆர் காரில், கழுத்தில் மஃப்ளரோடு வந்த மனிதர் என்பதுதான் அவருடைய முதலீடு. வழக்கில் குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் சாயம் போன லுங்கியில் சாம்பார் கொட்டினால் யாருக்கும் தெரியாது, வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு பட்டால் பந்தியே திரும்பிப் பார்க்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சித்தூர். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்கு அதுதான் தலைநகரம். அந்தச் சித்தூர் மாவட்டத்தின் குப்பம் தொகுதிதான் சந்திரபாபு நாயுடுவின் கோட்டை. அவரையும் 2023 செப்டம்பரில் ஊழல் வழக்கில் பிடித்தார்கள். 50 நாளுக்கு மேல் ராஜமுந்திரி சிறையில் இருந்தார். 2024 ஜூனில் 175க்கு 135 இடம் வாங்கி முதல்வரானார். கெஜ்ரிவாலை 2024 மார்ச்சில் பிடித்தார்கள், அடுத்த ஆண்டு ஆட்சி போனது. ஒருவரைச் சிறை தூக்கிவிட்டது, இன்னொருவரைச் சாய்த்துவிட்டது. கூட்டணி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தெலுங்கு தேசத்துக்கு ஓட்டுப் போடுகிறவர் தலைவரின் சுத்தத்தை மட்டும் பார்த்துப் போடுகிறவர் இல்லை. அவருக்கு வேறு காரணங்கள் நாற்பது ஆண்டாகச் சேர்ந்துகிடக்கின்றன.

அந்தக் காரணங்கள் எப்படிச் சேர்ந்தன என்பதில்தான் என் அக்கா மகனுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. என்.டி.ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியது 1982 மார்ச் 29ல். ஒன்பதே மாதம், 1983 ஜனவரியில் முதல்வர். ஐந்தாண்டில் நான்கு முதல்வர்களை டெல்லியிலிருந்து மாற்றிய காங்கிரஸ் மீது ஆந்திரத்துக்கு ஏகக் கோபம். ஊழலோடு தெலுங்கரின் சுயமரியாதையும் சேர்ந்து அந்தக் கோபம் வெடித்தது. வந்ததும் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி. அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1984ல் அவர் செய்த ஒரு வேலை. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம், ஊர் அதிகாரியான முன்சீப் என்று பரம்பரையாக வந்த பதவிகளை ஒரே அடியில் ஒழித்தார். அப்புறம் பழைய தாலுகாக்களை உடைத்து மண்டலங்கள் ஆக்கினார்.

இதே வேலையை இங்கே எம்.ஜி.ஆர். 1980லேயே செய்துவிட்டார். அவர் கட்சி எப்படிப் பிறந்தது என்பது ஊரறிந்த கதை. 1972 அக்டோபரில் திருக்கழுக்குன்றம் கூட்டத்தில் கட்சிக்காரர்களின் சொத்துக் கணக்கைக் கேட்டார், வெளியே அனுப்பினார்கள், அக்டோபர் 17ல் அ.தி.மு.க. ஆக, கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சி அது. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் வெற்றி. 1977ல் ஆட்சி. ஆட்சிக்கு வந்து மூன்று ஆண்டு கழித்து கர்ணம், மணியம் பதவிகள் போயின. பரீட்சை எழுதி வந்த வி.ஏ.ஓ. அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

எங்கள் தாத்தா காலத்தில் சிட்டா அடங்கல் வேண்டும் என்றால் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குக் கீழே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கணக்குப் புத்தகம் அவர் வீட்டு மரப்பெட்டியில் இருக்கும். 'நாளைக்கு வா' என்றால் அடுத்த நாளும் போய் நிற்க வேண்டும். பரம்பரைப் பதவி போனதும் அந்தப் பெட்டி ஊருக்குப் பொதுவாக ஆனது. லஞ்சம் அதோடு ஒழிந்ததா? இல்லவே இல்லை, வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் இன்று நிற்பவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் யாரிடம் நிற்பது, எப்படி நிற்பது என்பது மாறியது. துண்டு தோளுக்கு ஏறியது. அதுவரை ஊரில் பேச்சே இல்லாதவர்கள் கட்சிக் கிளைச் செயலாளர்களாகி, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். 1982ல் சத்துணவு வந்தது. ரசிகர் மன்றப் பலகை தொங்கிய இடத்தில் கட்சிக் கொடி ஏறியது. 'கணக்குக் கேட்ட கட்சி' என்ற பெயர் எப்போதோ தேய்ந்துபோனது, அடுத்த தலைவியே சொத்துக் குவிப்பு வழக்கில் 2014ல் தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2016ல் மறுபடி ஆட்சி. தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தில் திரும்பியது அவர் இறந்த பிறகுதான். எப்படிப் பார்த்தாலும் கட்சி நின்றது.

குடியாத்தத்துக்காரனுக்கு இதைச் சொல்லும்போது காமராஜரை விட முடியாது. முதல்வரானதும் 1954 இடைத்தேர்தலில் அவர் நின்று ஜெயித்தது அங்கேதான். அவர் கை சுத்தம் பற்றி எதிரிக்கும் சந்தேகம் கிடையாது. 1967ல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசி இல்லை, இந்தி வேண்டாம் என்று நாடே கொதித்த நேரம். நேர்மை அவரைக் காப்பாற்றவில்லை. இதைச் சொன்னதும் பையன் முகம் சுண்டிவிட்டது. "அப்ப நேர்மைக்கு மதிப்பே இல்லையா மாமா?" என்றான். மதிப்பு உண்டு, அதை மட்டும் வைத்து ஓட்டு வாங்க முடியாது, அவ்வளவுதான் என்றேன்.

விழுந்த கட்சிகளில் நமக்கு நெருக்கமானது தே.மு.தி.க. 2005 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய கட்சி, லஞ்சம் ஊழலுக்கு எதிராகத்தான் பேச்சு. 2006ல் தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு, விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும் வெற்றி. நானும் ஒரு முறை முரசுக்குப் போட்டவன்தான். 2011ல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. நம் பக்கம் சோளிங்கரும் ஆரணியும் அந்தக் கட்சிக்கு வந்தன. ஏறியது போலத் தெரிந்தது, உண்மையில் அன்றே இறங்கத் தொடங்கிவிட்டது. 'இரண்டு பேருக்கும் மாற்று' என்று ஓட்டு வாங்கியவர் இரண்டில் ஒருவரோடு போய் நின்ற பிறகு, மாற்று எங்கே? எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். 2016 பிப்ரவரியில் எட்டுப் பேர் மொத்தமாக ராஜினாமா செய்ய, எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போனது. அந்த ஆண்டுத் தேர்தலில் 2.4 சதவீதம். உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்துக்கே டெபாசிட் இல்லை. அவர் தனிப்பட்ட முறையில் நல்ல மனிதர் என்று இன்றும் ஊரே சொல்கிறது. ஆனால் எம்.ஜி.ஆருக்கு ஆட்சி கிடைத்து வி.ஏ.ஓ.வும் சத்துணவும் தர முடிந்தது போல, இவர் கையில் மக்களுக்குக் கொடுக்க ஒன்றும் வரவில்லை.

போஃபர்ஸ் பீரங்கி ஊழலை வைத்து வந்த வி.பி.சிங் கதையை நீட்ட வேண்டாம். 1989 டிசம்பரில் பிரதமர், 1990 நவம்பரில் முன்னாள் பிரதமர். அந்த அலை அடித்த தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரே ஒரு இடம் தவிர மற்ற எல்லாமே காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணிக்குத்தான் போனது.

வேலூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 2019 ஏப்ரலில் எங்கள் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். பணம் பிடிபட்டதற்காக இந்தியாவில் ஒரு மக்களவைத் தேர்தல் நின்றது அதுதான் முதல் முறை. சுமார் 11 கோடி ரூபாய் என்று செய்தி. நாடு முழுக்க எங்கள் ஊர் பெயர் அடிபட்டது, வெளியூர் உறவுக்காரர்கள் போன் போட்டு "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 5ல் மறுபடி தேர்தல். பழைய இரண்டு கூட்டணிகளும்தான் மோதின, தி.மு.க. 8,141 வாக்கில் ஜெயித்தது. மூன்றாவதாக வந்த நாம் தமிழருக்கு 27,000ஐ ஒட்டி. ஊழலே தலைப்புச் செய்தியாக இருந்த தேர்தலில்கூட அந்தக் கோபத்தை அறுவடை செய்ய மூன்றாவது ஆளால் முடியவில்லை. பூத்துக்குப் பூத்து பாக முகவர் வேண்டும், அவருக்கு விடிகாலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவுக்கு வர மனம் வேண்டும், பட்டியலில் யார் செத்தார், யார் பெங்களூருக்கு வேலைக்குப் போனார் என்று தெரிய வேண்டும். அது கோபத்தால் வராது, ஆண்டுக்கணக்காகத் தெருவில் இருந்தால்தான் வரும்.

சரி, மற்ற வழிகள். பழைய கட்சியில் சேர்வதைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். வேலை நடக்கும், கூடவே வாயை மூடிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டு போஸ்டர் ஒட்டியவர் வட்டப் பிரதிநிதியாகவே ஓய்வு பெறுவதை எத்தனை பார்த்திருக்கிறோம். இவனுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது, அந்தப் பணமும் கிடையாது.

சுயேச்சையாக நிற்பது எனக்குப் பிடித்த வழி. கிராம ஊராட்சி என்றால் கட்சிச் சின்னமே கிடையாது, எல்லோரும் ஒரு வகையில் சுயேச்சைதான். நகராட்சி வார்டில் சின்னம் உண்டு, அங்கே சுயேச்சைக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் வார்டு சின்னது, முகம் தெரிந்தால் ஜெயிக்கலாம். குடியாத்தத்தில் 36 வார்டு, தேர்தல் கடைசியாக நடந்தது 2022 பிப்ரவரியில். ஜெயித்த பிறகுதான் சிக்கல். சேர்மன் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிப் பக்கம் தலை சாய்க்காவிட்டால் உங்கள் தெருவுக்குக் கால்வாய் கடைசியில்தான் வரும். தனியாளாக அதைத் தாங்க முடியுமா என்று அவன் யோசிக்க வேண்டும்.

நான்காவது வழியை அவன் வழியாகவே நினைக்கவில்லை. "அது சும்மா இருக்கறது மாமா" என்றான். இங்கேதான் நான் கொஞ்சம் சூடாகிவிட்டேன். ராஜஸ்தானில் 1990ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஒரு தேர்தல் கட்சியாக ஆகவில்லை. கூலி வேலைக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்தவர் பேரில் கூலி எடுத்திருப்பது அம்பலமானது. அங்கே கிளம்பிய போராட்டம்தான் 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. இவன் கடையில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதும் மனுவுக்கு வேர் அங்கே. முப்பது ஆண்டு தாண்டியும் அந்தச் சங்கம் இருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் ஹைதராபாத்தின் லோக் சத்தா. ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் நடத்திய நல்ல இயக்கம். 2006ல் கட்சியானது, 2009ல் ஒரே ஒரு இடம், 2016ல் தேர்தலே வேண்டாம் என்று ஒதுங்கியது.

ஆம் ஆத்மி கதையிலேயே இந்த முடிச்சு இருக்கிறது. ஊழலைக் கண்காணிக்கக் கட்சிக்குள்ளேயே ஒரு லோக்பால் வைத்திருந்தார்கள், முன்னாள் கடற்படைத் தளபதி அட்மிரல் ராமதாஸ். 67 இடம் ஜெயித்த அடுத்த மாதமே அவரை மாற்றினார்கள். கட்சியைத் தொடங்கியவர்களில் இருவரான யோகேந்திர யாதவும் பிரசாந்த் பூஷணும் வெளியே போனார்கள். உள்ளே கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போன தேதி என்று நான் 2015ஐத்தான் குறித்துக்கொள்வேன், தோற்ற 2025ஐ அல்ல.

நிலைக்குமா என்று கேட்டால், தலைவரைப் பார்த்துச் சொல்ல முடியாது, உங்கள் ஊர்க் கிளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். தேர்தல் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கிளை என்ன செய்கிறது? வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மோர்ப்பந்தல் போட எல்லாக் கட்சியும் வரும், அது கணக்கில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு ஒரு விதவைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறதா? வசூல் செய்த பணத்துக்கு ரசீது தருகிறதா? தலைவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மைக்கைப் பிடிக்க இன்னொருவர் பெயர் தெரியுமா? அவனுக்குக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு பெயர் தெரிந்தது, அதுவும் தலைவரின் மைத்துனர்.

இதற்கிடையே அவன் போன் நாலு முறை அடித்தது. கல்லப்பாடியிலிருந்து ஒரு பாட்டி. உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. "நாளைக்கு பாஸ்புக் எடுத்துக்கினு வா ஆயா, நான் பார்க்கறேன்" என்று பொறுமையாக நாலு முறையும் சொன்னான். கட்சி இல்லாமலே இவன் ஒரு கிளைதான். அந்தக் கட்சிக்கு இவன் தேவை, இவனுக்கு அந்தக் கட்சி இப்போதைக்குத் தேவையில்லை.

அதனால் என் யோசனை இதுதான். பொறுப்பை இப்போது வாங்காதே. கடையை நடத்து, வார்டுக்குள் நாலு பேரைச் சேர்த்துக்கொள், நகராட்சித் தேர்தலுக்குச் சுயேச்சையாக நிற்கத் தயாராகு. அதற்குள் அந்தக் கட்சி ஊரில் ஏதாவது உருப்படியாகச் செய்தால் சேர்ந்துகொள், அப்போது உன் படம் தபால்தலை அளவில் இருக்காது. என் அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. வந்த வாய்ப்பை விடச் சொல்கிறேனாம். இருக்கலாம். 1973ல் திண்டுக்கல்லுக்கு முன்னால் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் அப்போதும் இப்படித்தான் பொறுத்துப் பார் என்று சொல்லியிருப்பேன், அந்த ஆள் என்னைத் திட்டிக்கொண்டே மந்திரியாகியிருப்பார்.

அவன் மாவட்டப் பொறுப்பாளரிடம் ஆறு மாதம் டைம் கேட்டிருக்கிறான். ஃபிளெக்ஸை வேறு ஒருவர் படம் போட்டு அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டிசைனுக்கும் பிரிண்டுக்கும் சேர்த்து இவனுக்கு வர வேண்டியது 1,800 ரூபாய், 500 கொடுத்தார்கள், மீதி வரவில்லை. போன் போட்டால் "கட்சிக்காகத்தானே தம்பி" என்கிறார்களாம். பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போகப்போகிறான்.